ரேட் மாறியது ஏன், வெப்சைட் மாறுவது ஏன்: எங்கள் கொலுசு வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடையைப் பற்றிய ஒரு ஸ்கிரீன்ஷாட் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "என்னண்ணா இது?" என்று கேட்டீர்கள். மனதில் வைத்துக்கொள்ளாமல் நேராகக் கேட்டதற்கு நன்றி. போனில் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். எங்கள் வெப்சைட்டை இப்போது வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது 80 கிராம் கொலுசு ஒரு ஜோடி. பொருளின் பக்கத்தில் ஒரு விலை. கூடையில் போட்டதும் ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடி இன்னொரு விலை. கீழே, "குறைத்துக் காட்டிக் கூட்டி வாங்கும் கடை" என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தராசு பிடிக்கிறோம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கொலுசின் விலை என்பது அன்றைய ரேட்டில் வெள்ளி, செய்கூலி, மொத்தத்தின் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இதில் செய்கூலியில் நாங்கள் கை வைக்கவில்லை. ஏறி இறங்குவது ரேட்தான். 2025 ஜனவரியில் சென்னையில் ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே வருடம் அக்டோபரில் 200ஐத் தாண்டியது. சோலார் பேனலுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் வெள்ளி போகிறது, முதலீடாகவும் வாங்கிக் குவிக்கிறார்கள். சில நாள் காலையில் ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட். கிராமுக்கு 7 ரூபாய் ஏறினால் 80 கிராமுக்கு 560 ரூபாய் ஏறிவிடும். வரி தனி. ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் வித்தியாசம் இந்த அளவுதான்.

சரி, ஏறியது என்றால் இரண்டு இடத்திலும் ஏற வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெப்சைட் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஒரு பக்கத்தை ஒரு முறை தயார் செய்து அதன் நகலை சர்வரில், அதாவது தளம் குடியிருக்கும் கணினியில், வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே காட்டும் முறை ஒன்று உண்டு. கேஷ் என்பார்கள். ஆனால் கூடையும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அவற்றை நகல் எடுக்க மாட்டார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும். அதனால் பொருளின் பக்கத்தில் நேற்றைய ரேட் நிற்க, கூடையில் இன்றைய ரேட் வந்துவிட்டது. ரேட் இறங்கிய நாட்களில் கூடையில் குறைவாகவும் வந்திருக்கிறது. அப்படிக் குறைந்த விலைக்கு வாங்கியவர்களின் பில்களும் எங்களிடம் இருக்கின்றன. அவற்றை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடவில்லை.

இந்த நகலை ரேட் மாறும்போதெல்லாம் அழிப்பதற்கு, தளத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி சின்னதாக ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருளை ப்ளகின் என்பார்கள். அப்படி ஒரு ப்ளகினுக்கு அப்டேட் வந்த பிறகு அந்த நிரல் வேலை செய்யவில்லை. அதற்குள் அவர் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. போன பிறகும் இரவில் போன் எடுத்து வழி சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே வேலை பார்த்துக்கொண்டு இங்கே எங்கள் சர்வரையும் எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பார்? கேஷையே நிறுத்திப் பார்த்தோம். எங்கள் சின்ன சர்வரில் தளம் ஊர்ந்தது. பெரிய சர்வருக்குப் போனால் வாடகை கூடும், அதுவும் டாலரில்.

இத்தனை நாளும் எங்கள் தளம் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் இரண்டிலும் ஓடியது. முதலாவது தளத்தை நடத்துவது, இரண்டாவது அதில் கடை வைப்பது. இரண்டுமே இலவச மென்பொருள். முழுக்க நம் கையில் இருக்கும், எந்த சர்வருக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ரேட் போட்டதும் எல்லாக் கொலுசுக்கும் விலை தானாக மாறும்படி செய்ய முடிந்ததும் அதனால்தான். அதை விட எனக்கு மனமே இல்லை. ஆனால் இலவசம் என்பது மென்பொருளுக்கு மட்டும்தான். அப்டேட், பேக்கப், புகுந்துவிடுபவர்களைத் தடுப்பது எல்லாம் தினசரி வேலை, அதற்கு ஆள் வேண்டும். நடுவில் ஒரு நாள் தளத்தைத் திறந்தால் "பாதுகாப்பற்றது" என்று வந்ததல்லவா, அதுவும் இந்த வகைதான். நாங்கள் வைத்திருந்த இலவசப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது அன்று புதுப்பிக்கவில்லை. பணம் கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். கார்டு விவரங்களை நீங்கள் கொடுப்பது எங்கள் தளத்தில் அல்ல, பணத்தை வாங்கி எங்களுக்கு அனுப்பும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்தில். எங்களைப் போன்ற கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது என்று 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது.

சேலத்தில் ஒரு கொலுசு எத்தனை கை மாறி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது இன்னொரு பட்டறை, மெருகு போடுவது வேறொருவர். எல்லாவற்றையும் நாங்களே செய்வோம் என்று எவரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. சர்வர் வேலையையும் அப்படி வெளியே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வெப்சைட் பில்டர் என்கிறார்களே, அது இதுதான். சர்வர், சான்றிதழ், அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு, நாம் சரக்கையும் விலையையும் பார்த்தால் போதும்.

ஷாப்பிஃபை என்ற பில்டரையும் பார்த்தோம். நல்ல தளம்தான். ஆனால் அவர்களுடைய சொந்த பேமெண்ட் வசதி இந்தியாவில் இல்லை. வெளி கேட்வே வைத்தால் அந்த கேட்வேயின் கட்டணம் போக, விற்பனையில் அவர்களுக்கும் ஒரு பங்கு. வெள்ளி வியாபாரத்தில் விலையின் பெரும்பகுதி உலோகத்துக்கே போய்விடும். எங்கள் கைக்கு வருவது செய்கூலியில் ஒரு துண்டு. மொத்தத் தொகையில் பங்கு கொடுத்தால் கட்டுப்படியாகாது. கடைசியில் சோஹோ காமர்ஸ் என்ற பில்டருக்கு வந்தோம். பில் ரூபாயில் வருகிறது, ஜிஎஸ்டி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், விற்பனையில் பங்கு கேட்பதில்லை.

இதிலும் விட்டுக்கொடுப்பது உண்டு. மாத வாடகை நின்றால் கடை இருட்டாகிவிடும். பக்கங்களின் வடிவத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போக முடியாது. பொருள் பட்டியலும் ஆர்டர் பட்டியலும் மட்டும் கோப்பாகக் கிடைக்கும். அதனால் இரண்டு காரியம் செய்து வைத்திருக்கிறோம். டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, கடையின் பெயரிலேயே, எங்கள் மின்னஞ்சலிலேயே பதிவாகியிருக்கிறது, பில்டரிடம் கொடுக்கவில்லை. கொலுசுப் படங்கள் அத்தனையும் பட்டறைக் கணினியில் தனியாக இருக்கின்றன. எங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: தளம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவர் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ரேட் விஷயத்தில் ஒரே நடைமுறை. காலையில் ரேட் வந்ததும் விலைப்பட்டியலைக் கணக்கிட்டு ஏற்றுவோம். மறுநாள் காலை வரை அதே விலை. சாயங்காலம் ஏறினாலும் நாங்கள் கூட்ட மாட்டோம், இறங்கினாலும் குறைக்க முடியாது. பொருளின் பக்கத்திலேயே ரேட், எடை, செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கும். பெட்டியை மூடும் முன் கொலுசைத் தராசில் வைத்து, எடை தெரிய வீடியோ எடுத்து அனுப்புவது வழக்கம்போலத் தொடரும்.

புதிய தளத்தில் எல்லோரும் பாஸ்வேர்டை ஒரு முறை புதிதாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், பழைய கணக்கில் சேர்ந்த புள்ளிகள் அங்கே வராது. பழைய பில்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. கொலுசை மாற்றிக்கொள்ளவோ பழுது பார்க்கவோ எப்போதும்போலக் கொண்டு வரலாம்.

இந்தக் குழப்பத்திலும் கடைக்கே வந்து, "நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளைக்கு வாங்கி, இப்போது பேத்திக்கு வாங்க வருகிறவர்கள் நீங்கள். வெளியூரிலிருந்து ஆளைப் பார்க்காமலே பணம் அனுப்பி ஆர்டர் போடுகிறவர்களின் நம்பிக்கையும் எங்களுக்குச் சின்னதல்ல. அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பில்லோடு ஒரு முறை அழையுங்கள். அன்றைய ரேட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் கணக்குப் பார்ப்போம்.

ஆடித் திருவிழாவுக்கு வேண்டியவர்கள் தளம் மாறி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் கொடுக்கலாம். குழந்தைக் கொலுசு என்றால், கணுக்காலைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, எத்தனை அங்குலம் என்று எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்