மோட் எழுதுகிறவர்களே, எடுக்கிற வழியையும் எழுதுங்கள்

கணினி ஆட்டங்களுக்கு மோட், அதாவது ஆட்டத்தை மாற்றுகிற கூடுதல் ஃபைல்கள், எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் வருவதெல்லாம் குறைதான். 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம் ஆட்டத்தை இன்றைக்கும் ஆட்கள் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்றால் அந்தப் புண்ணியத்தில் பாதி உங்களுக்குத்தான் சேரும். காசு வாங்காமல், வேலை முடிந்து வந்து ராத்திரி கண்விழித்து, யாரோ ஒருவர் ஆடுவதற்காக ஒரு கோட்டையையே கட்டிக் கொடுக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் நீங்கள் மோடை வெளியிடும் பக்கங்களைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். மோடை எப்படிப் போடுவது என்று நீளமாக இருக்கும். முன்னால் என்னென்ன வேண்டும், எந்த மோடோடு சேராது, லோடு ஆர்டரில் (மோடுகள் ஏறும் வரிசையில்) எங்கே வைக்க வேண்டும், இருபது ஸ்கிரீன்ஷாட், ஒரு வீடியோ. எடுப்பது எப்படி? "மோட் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுங்கள்" என்று ஒரு வரி. பல பக்கங்களில் அந்த ஒரு வரியும் கிடையாது.

ஃபோல்டரிலிருந்து ஃபைலை எடுப்பது வேறு, ஆட்டத்திலிருந்து மோடை எடுப்பது வேறு. இது உங்களுக்கு நன்றாகத் தெரியும், நேற்று முதல்முறையாக மோட் போட்டவருக்குத் தெரியாது. நான் கேட்பது மூன்றே விஷயம், பக்கத்தின் மேலேயே, டவுன்லோடு பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி: ஆட்டத்தின் நடுவில் இதை எடுக்கலாமா, எடுத்தால் சேவில், அதாவது ஆட்டத்தை விட்ட இடத்தில் பதிந்து வைக்கும் ஃபைலில், என்ன மிஞ்சும், எடுப்பதற்கு முன் ஆட்டத்துக்குள் என்ன செய்ய வேண்டும். "நடுவில் எடுக்கவே முடியாது" என்பது பதிலாக இருந்தாலும் சரி, அதையே பெரிய எழுத்தில் போடுங்கள். போடுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

எல்லா மோடுக்கும் இந்தக் கவலை இல்லை என்பதும் உண்மைதான். மலைக்கும் மரத்துக்கும் புதுத் தோற்றம் கொடுக்கிற டெக்ஸ்சர் மோடை இன்று போட்டு நாளை எடுக்கலாம், ஆட்டம் கண்டுகொள்ளாது. தலைவலி ஸ்கிரிப்ட், அதாவது ஆட்டத்துக்குள் ஓடும் சிறு நிரல், உள்ள மோடுகளில்தான். ஸ்கைரிமில் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்ததும் அதன் நிலவரம், அதன் மாறிகள், அது அடுத்து எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் சேவ் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிளக்இன்னை, அதாவது மோடின் முக்கிய ஃபைலை, எடுத்தபின் சேவைத் திறந்தால், இந்த சேவுக்குத் தேவையான சில விஷயங்கள் இப்போது இல்லை, தொடரலாமா என்று ஆட்டம் ஒரு கேள்வி கேட்கும். எல்லோரும் ஆம் என்றுதான் அழுத்துவார்கள், வேறு என்ன செய்வார்கள்? ஆட்டமும் திறந்துவிடும். அதுதான் வினையே. திறந்தவுடன் கிராஷ் ஆகியிருந்தால் ஆடுகிறவர் பழைய சேவுக்குப் போயிருப்பார். திறந்து, நன்றாக ஓடி, அவர் நாலு குவெஸ்ட் (ஆட்டம் கொடுக்கும் பணி) முடித்து, பழைய சேவ்களையெல்லாம் அழித்த பிறகு, சம்பந்தமே இல்லாத ஊரில் சம்பந்தமே இல்லாத நேரத்தில் நின்றுபோகிறது. அவர் அப்போது திட்டுவது உங்கள் மோடை இல்லை, கடைசியாகப் போட்ட வேறு ஒரு மோடை. அதை எழுதிய அப்பாவி அங்கே கமெண்டில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு வீட்டு மோடை எடுத்துக்கொள்ளுங்கள். வைட்ரன் என்ற ஊருக்கு வெளியே புதிதாக ஒரு வீடு, உள்ளே பெட்டிகள். ஆடுகிறவர் தன்னிடமிருக்கும் டிராகன் எலும்பு, பெயர் பெற்ற வாள், கவசம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிகளில் வைத்துவிட்டு அங்கேயே நின்று சேவ் செய்கிறார். பிறகு மோடை எடுக்கிறார். அந்த இடமே இனி கிடையாது, பெட்டியும் கிடையாது, உள்ளே இருந்ததும் கிடையாது. அவர் செய்திருக்க வேண்டியது என்ன? பொருளையெல்லாம் அள்ளிக்கொண்டு ப்ரீஸ்ஹோம் மாதிரி ஆட்டத்தோடு வந்த வீட்டுப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும், மோடோடு வந்த துணையாளை அனுப்பி வைத்திருக்க வேண்டும், மோட் சொருகிய குவெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் முடித்திருக்க வேண்டும், எம்சிஎம் மெனுவில் (மோடின் அமைப்புகளை ஆட்டத்துக்குள்ளேயே மாற்றும் மெனுவில்) நிறுத்தும் வசதி இருந்தால் அதை அழுத்தி, மெனுவை மூடிக் கொஞ்ச நேரம் ஆட்டத்தை ஓடவிட்டு, மோடுக்குச் சம்பந்தமில்லாத ஒரு அறைக்குள் நின்று புது சேவ் போட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பிளக்இன்னை எடுத்து, மறுபடி திறந்து, இன்னொரு புது சேவ். அப்புறமும் சந்தேகம் இருந்தால் ரீசேவர் என்ற கருவியில் அந்த சேவைத் திறந்து சொந்தக்காரன் இல்லாமல் மிச்சமிருக்கும் ஸ்கிரிப்டுகளைத் தேடலாம். இத்தனையும் ஒருவருக்குத் தானாகத் தோன்றுமா? எழுதி வைத்தால் ஐந்து நிமிட வேலை.

ரீசேவர் இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அது அநாதையாய் நிற்கும் ஸ்கிரிப்டைத்தான் துடைக்கும். அந்த ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ஆட்டத்தில் மாற்றிவிட்டுப் போனது அப்படியே நிற்கும். தொடக்கத்தில் 300 ஆக இருக்கும் சுமக்கும் அளவை உங்கள் ஸ்கிரிப்ட் 500 ஆக்கியிருந்தால், மோட் போன பிறகும் 500தான். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ஆணியைப் பிடுங்குவது அடித்தவர் வேலை. எந்தச் சுவரில் எங்கே அடித்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பழைய பக்கங்களில் இன்னும் கிடக்கிறது: தூரத்தில் இருப்பதும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் ஸ்கைரிமின் அமைப்புகள் உள்ள ஐஎன்ஐ ஃபைலில் யூகிரிட்ஸ்டுலோட் என்ற எண்ணை 5-இலிருந்து 7 ஆக்குங்கள் என்று. மாற்றுவதற்கு ஒரு வரி, சரி. ஆனால் அந்த எண்ணோடு ஒருமுறை சேவ் போட்டுவிட்டால், பிறகு ஐஎன்ஐயில் மறுபடி 5 என்று எழுதி சேவைத் திறந்தால் ஆட்டம் திறக்காமலே விழுந்துவிடும். திரும்பி வர வழி உண்டு. 7 இருக்கும்போதே சேவைத் திறந்து, ஆட்டத்தை மூடாமல் வெளியே வந்து ஐஎன்ஐயை 5 ஆக மாற்றி, கன்சோலில் (ஆட்டத்துக்குள் கட்டளை தட்டும் பெட்டியில்) ரீஃப்ரெஷ்ஐஎன்ஐ கட்டளை கொடுத்து, புதிதாக சேவ் போட வேண்டும். போகிற வழியை எழுதியவர்களில் எத்தனை பேர் இந்தத் திரும்புகிற வழியை எழுதினார்கள்? தேடிப் பாருங்கள், கடுப்பாக இருக்கும்.

இங்கே ஒரு குரல் கேட்கும்: "ஆட்டத்தின் நடுவில் மோடை எடுக்கவே கூடாது, புது ஆட்டம் தொடங்கு." ஸ்கிரிப்ட் மோடைப் பொறுத்தவரை இது சரியான அறிவுரைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிவுரை எப்போது காதில் விழுகிறது? எடுத்து, கெட்டுப்போய், கமெண்டில் அழுத பிறகு. மாசக்கணக்கில் ஆடிய ஆட்டத்தை வைத்திருப்பவரிடம் போய் புதிதாகத் தொடங்கு என்று ஒரே வரியில் சொல்வதற்கு, போடும்போதே சொல்லியிருக்கலாம். ரிம்வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் மோட் பக்கங்களைப் பாருங்கள்; நடுவில் சேர்க்கலாம், நடுவில் எடுக்கக் கூடாது என்று பலர் வழக்கமாகவே போட்டுவிடுகிறார்கள். யாருக்கும் கை வலித்ததாகத் தெரியவில்லை.

எடுப்பது எப்போதும் ஆடுகிறவர் விருப்பம் என்றும் நினைக்காதீர்கள். 2021 நவம்பரில் ஸ்கைரிமின் பத்தாண்டு நிறைவுப் பதிப்போடு வந்த அப்டேட் எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் விரிவாக்கக் கருவியை நம்பியிருந்த மோடுகளைக் கவிழ்த்தது. 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் 4-க்கு வந்த அப்டேட்டும் அதே வேலையைச் செய்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் எது நிற்கிறது, எது போக வேண்டும் என்று ஆயிரம் பேர் ஒரே ராத்திரியில் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். நீங்கள் அப்போது மோட் எழுதுவதையே விட்டிருக்கலாம், கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கலாம், பதில் சொல்ல ஆளில்லாத பக்கம் மட்டும் இருக்கும். அதனால்தான் இப்போதே எழுதி வையுங்கள் என்கிறேன்.

ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். மோட் ஆர்கனைசர் 2 மாதிரி கருவிகள் ஆட்டத்தின் டேட்டா ஃபோல்டரைத் தொடாமலே மோடை ஓட்டுகின்றன, அதில் டிக்கை எடுத்தால் ஃபைல் அளவில் வேலை முடிந்தது. ஆனால் ஆட்டத்தின் மூல ஃபோல்டரிலேயே கையால் போடச் சொல்கிறவை இருக்கின்றனவே, அவைதான் மிச்சம் விட்டுப் போகும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு இஎன்பி என்ற காட்சி மெருகூட்டும் கருவி போட்டால் டி3டி11 டிஎல்எல் ஒன்று, கூடவே ஐஎன்ஐகள், ஒரு ஃபோல்டர். ஜிடிஏ 5-க்கு, ஸ்கிரிப்ட் மோடுகளை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஹூக் போட்டால் டிஇன்புட்8 டிஎல்எல் உள்படச் சில ஃபைல்கள். ஆன்லைனுக்குப் போகும்போது அவற்றில் எதையாவது மறந்து விட்டுவைத்தால் வம்பு. ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டினால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது காணாமல்போன, மாறிப்போன சொந்த ஃபைல்களை மட்டும்தான் திரும்பக் கொண்டுவரும். நீங்கள் புதிதாகப் போட்டதைத் தொடாது. ஆட்டத்தையே அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த ஃபைல்கள் அந்த ஃபோல்டரிலேயே கிடக்கும், மறுபடி இன்ஸ்டால் செய்ததும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கையால் போடச் சொல்கிற மோடுக்கு, போடுகிற ஃபைல்களின் பெயரை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஜிப்புக்குள் வையுங்கள். விட்சர் 3-க்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: மோதும் மோடுகளின் ஸ்கிரிப்டுகளை இணைக்கும் ஸ்கிரிப்ட் மெர்ஜர் கருவியில் ஒன்றாகச் சேர்த்த ஃபைல் தனியே இருக்கும், மோடை எடுத்தபின் அந்தச் சேர்க்கையையும் அழித்துவிட்டு மீதி மோடுகளுக்குப் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்டன் ரிங்கில் நண்பர்களோடு சேர்ந்து ஆட வைக்கும் சீம்லெஸ் கோ-ஆப் மோட் தன் சேவுக்கு வேறு எக்ஸ்டென்ஷனே (ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி) வைத்திருக்கிறது. அசல் சேவ் ஒருபக்கம், மோட் சேவ் ஒருபக்கம். மோடை எடுத்தால் அசல் ஆட்டம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட மரியாதையான ஏற்பாடு கிடையாது. ஸ்டார்டியூ வேலியில் மோடுகளை ஓட்டும் ஸ்மாப்பி கருவி தானாகவே சேவ்களுக்கு பேக்கப் எடுத்து வைக்கிறது. 2024 மார்ச்சில் வந்த 1.6-க்குப் பிறகு அந்த ஆட்டத்தில் பொருள்களுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்தில் அடையாளம் வந்துவிட்டதால், மோடை எடுத்தால் பெட்டியில் இருந்த அதன் பொருள் வேறொன்றாக உருமாறாமல், பிழைப் பொருள் என்ற பெயரோடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறது. மைன்கிராஃப்ட்டில் மோடுகளை ஓட்டும் ஃபோர்ஜ், உலகத்தைத் திறக்கும் முன்பே இன்னின்னவை காணவில்லை என்று எச்சரிக்கும். பேக்கப் எடுக்காமல் அதைத் தாண்டிப் போனால், மோட் கட்டைகளால் கட்டிய சுவர் காற்றாகிவிடும், அந்த இடம் சேவ் ஆன பிறகு மோடைத் திரும்பப் போட்டாலும் சுவர் வராது.

ஸ்கைரிமுக்கு எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் நுணுக்கமாக ஒன்று. ஸ்கிரிப்டைக் குறித்த இடைவெளியில் எழுப்பும் ரிஜிஸ்டர்ஃபார்அப்டேட் என்ற கட்டளைக்குப் பதில் ரிஜிஸ்டர்ஃபார்சிங்கிள்அப்டேட் பயன்படுத்துங்கள். முன்னது நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டிய ஸ்கிரிப்டே போய்விட்டால் யார் நிறுத்துவது? பின்னது ஒருமுறை தட்டிவிட்டு, நீங்கள் மறுபடி கேட்டால்தான் வரும். ஸ்கிரிப்ட் இல்லையென்றால் தானே அடங்கிவிடும். எம்சிஎம்மில் நிறுத்து என்று ஒரு பொத்தான் வையுங்கள். அது குவெஸ்டுகளை நிறுத்தி, கொடுத்த மந்திரத்தையும் பெர்க்கையும் (கூடுதல் திறனையும்) திரும்ப எடுத்து, ஏற்றிய எண்ணை இறக்கிவிட வேண்டும். அப்புறம் வெளியிடுவதற்கு முன் உங்கள் மோடை நீங்களே ஒரு குப்பை சேவில் போட்டு, இரண்டு மணி நேரம் ஆடி, எடுத்துப் பாருங்கள். போட்டுப் பார்க்காதவர் யாரும் இல்லை, எடுத்துப் பார்த்தவர்தான் குறைவு.

இந்தப் பொத்தானை வைத்தால் பழைய வெர்ஷன்களையும் கிடைக்கும்படி வைத்திருங்கள். மோடை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விஷயம் தெரிந்து வருகிறவர், அதே வெர்ஷனைத் திரும்பப் போட்டால்தான் பொத்தானை அழுத்த முடியும். 2021-இல் நெக்ஸஸ் மோட்ஸ் என்ற மோட் தளம், ஃபைலை அடியோடு அழிக்க விடாமல் காப்பில் வைக்கும் முறைக்கு மாறியபோது உங்களில் பலர் கோபப்பட்டீர்கள், சிலர் வெளியேறினீர்கள். என் உழைப்பை நான் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே நியாயத்தில் கொஞ்சம், தன் ஆட்டத்திலிருந்து உங்கள் மோடை எடுக்க நினைக்கிறவருக்கும் கொடுங்கள்.

என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம், இந்த அளவு போதும்: "நடுவில் எடுக்கலாம். முதலில் வீட்டிலுள்ள பொருளை எல்லாம் வெளியே கொண்டுபோங்கள், எம்சிஎம்மில் நிறுத்துங்கள், நிறுத்தியாயிற்று என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள், வேறு ஊரில் ஓர் அறைக்குள் நின்று புது சேவ் போடுங்கள், பழைய சேவை அழிக்காதீர்கள். எடுத்தபின் ஸ்கிரிப்ட் மிச்சம் கொஞ்சம் இருக்கும், ஆட்டத்தைக் கெடுக்காது." கெடுக்கும் என்றால் கெடுக்கும் என்று போடுங்கள்.

எடுத்துப் பார்க்க நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நாங்கள் செய்து தருகிறோம். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற சேவ்கள் எங்களிடம் ஏராளம்.

இப்படிக்கு,
உங்கள் மோடுகளைப் போட்டு ஆடும் ஒருவன்