கலங்கரை விளக்கத்தடியில் பார்த்த ஐயாவுக்கு நன்றி

உங்கள் பெயர் தெரியாது ஐயா, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பழைய கோட்டைச் சுவரையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் அந்தக் கடலோரக் கிராமத்துக்கு வந்தோம். எங்களைத் தங்க வைத்தது உங்கள் பேச்சு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகம் வற்றும், பாறைக் குட்டைகளைப் பார்க்க அதுதான் நேரம் என்றீர்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் கைப்பேசியைத் தேடவே இல்லை! வற்றும் நேரம் நாளுக்குநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும், நீர் ஏறுவதற்கு முன்பே கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னீர்கள்.

அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கலாம், மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. பயணக் கையேடுகள் இதையெல்லாம் எங்கே சொல்கின்றன?

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்ற உங்கள் கோபமும் நியாயமானதே. தூண்டில் போடக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, வருகிறோம் ஐயா.