வைவா முடிந்தது, நன்றி பாக்கி இருக்கிறது

போன வாரம் வைவா, அதாவது பிஎச்டிக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. தீசிஸில் நன்றி சொல்லக் கிடைத்த ஒரு பக்கம் கைடு, கமிட்டி, உதவித்தொகை கொடுத்தவர்கள் என்று எழுதி முடிப்பதற்குள்ளேயே நிரம்பிவிட்டது. விட்டுப்போனவர்களுக்காக இந்த மடல். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் போடவில்லை. படித்தால் அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதலில் ரத்தம் கொடுத்தவர்கள். நான் வேலை செய்தது எப்ஸ்டைன்-பார் வைரஸில். 1964-ல் எப்ஸ்டைன், அச்சாங், பார் என்ற மூன்று பேர் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த செல்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடித்தது. பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இது இருக்கிறது, பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது, ஏனென்றால் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், ஆயுசுக்கும் வெளியேறாது. இதன் எப்னா-2 என்ற புரதம் நம் மரபணுக்களின் ஸ்விட்ச்சுகளில் கை வைக்கிறது. லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு இடங்களில் கிட்டத்தட்ட பாதியில் இந்தப் புரதம் வந்து உட்காருகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படி உட்கார்ந்ததும் எந்த மரபணு கூடுகிறது, எது குறைகிறது, அது ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஐந்து வருஷம்.

இதை நேராக ரத்தத்திலேயே பார்க்கலாமே என்று கேட்பார்கள். ஆரோக்கியமான ஒருவரின் 10 லட்சம் பி செல்களில் 1 முதல் 50 செல்களில்தான் வைரஸ் இருக்கும். அதனால் பி செல்லைப் பிரித்தெடுத்து, தட்டில் வைத்து, நாமே வைரஸை ஏற்றி வளர்க்க வேண்டும். அதற்கு ரத்தம் நிறைய வேண்டும், லூபஸ் உள்ளவர்களுக்கோ அந்தச் செல்கள் ஏற்கெனவே குறைவாக இருக்கும். வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர்களிடம் இன்னும் ஒரு ஊதா மூடிக் குழாய் கேட்க எனக்கு ஒவ்வொரு தடவையும் கூச்சமாகத்தான் இருந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்த ஒரு அக்கா, "இதனால எனக்கு ஏதாவது சரியாகுமா?" என்று கேட்டார். இல்லைக்கா, இப்போதைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். "சரி, எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார். அக்கா, என் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் படம் உங்கள் செல்களில் எடுத்தது.

அடுத்து ஆய்வகத் தொழில்நுட்பர் அண்ணா. இரண்டாம் வருஷம் மூன்று செல் வரிசைகளில் (ஒருவரின் செல்லிலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) அழற்சி மரபணுக்கள் எகிறின. நான் கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன். அண்ணா ஃப்ளாஸ்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மெதுவா வளருதே, மைக்கோபிளாஸ்மா பாத்தியா?" என்றார். மீடியம், அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவம், தெளிவாகத்தானே இருக்கிறது என்று வாதாடினேன். அதுதான் மைக்கோபிளாஸ்மா என்ற இந்தப் பாக்டீரியாவின் வேலையே: செல் சுவர் கிடையாது, பென்சிலின் வேலை செய்யாது, மீடியம் கலங்கவும் கலங்காது. டிஎன்ஏ சாயம் போட்டுப் பார்த்தோம். உட்கரு மட்டும் ஒளிர வேண்டிய இடத்தில் அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், மாவு தூவினது மாதிரி. ஏழு மாத வேலை போச்சு. நான் கழிவறையில் அழுதுவிட்டு வருவதற்குள் இன்குபேட்டரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தரவு அப்படியே அச்சுக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நடுராத்திரியில் தோன்றும்.

புள்ளியியல் நண்பனுக்கும் ஒரு நன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவை, நோயாளிகளுடையதை எல்லாம் ஒரு நாளும் மற்றவர்களுடையதை வேறொரு நாளும் பிரித்தெடுத்திருந்தேன். "நீ லூபஸை ஒப்பிடல, செவ்வாய்க்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் ஒப்பிட்டிருக்க" என்றான். ஒவ்வொரு நாளும் இரண்டு தரப்பு மாதிரிகளும் இருக்கும்படி வைத்துத் திரும்பச் செய்ததில் மரபணுப் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது, மிச்சம் இருந்தது மட்டும்தான் தீசிஸில் இருக்கிறது.

நான் பார்த்தே இராத சிலரும் உண்டு. 10 மில்லியனுக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை வைத்து, அவர்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் வந்த 955 பேரைக் கண்டறிந்து, இந்த வைரஸ் தொற்றிய பிறகு அந்த நோயின் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று 2022-ல் காட்டினார்களே, அது சாத்தியமானதற்குக் காரணம் வருஷக்கணக்காக சீரம் குழாய்களுக்கு ஒழுங்காக லேபிள் ஒட்டி ஃப்ரீசரில் வைத்தவர்கள். என் லேபிள்கள் உறைபனியில் உரிந்து விழுந்த பிறகுதான் அவர்கள் அருமை புரிந்தது.

அப்புறம், காய்ச்சலில் நான் படுத்திருந்த பத்து நாளும் செல்களுக்கு மீடியம் மாற்றின ஜூனியர் தம்பி, கண்ணாடிச் சாமான் கழுவித் தரும் அக்கா, வைரஸ் என்றாலே பயந்தாலும் ஒரு நாளும் நிறுத்தச் சொல்லாத அம்மா.

செல் வரிசைகள் எல்லாம் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன, பெட்டி எண்கள் நீல நோட்டில். ரத்தம் கொடுத்தவர்களுக்கு, கண்டுபிடித்தது என்ன என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த மாதத்துக்குள் வந்துவிடும். அண்ணா, கடைசி மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் ரிசல்ட்டை ஃப்ரீசர் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். நெகட்டிவ்தான்.