சுவிஸில் வைனும் உண்டு

ஆசிரியருக்கு,

சுவிஸ் என்றாலே சாக்லேட், கடிகாரம் என்றுதான் உங்கள் சுற்றுலாப் பக்கம் எழுதுகிறது. வைனையும் சேருங்களேன். லோசானுக்குக் கிழக்கே லாவோ என்ற பகுதியில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்கு அறுவடை வேலைக்குப் போவேன். ஜெனீவா ஏரியை நோக்கி அடுக்கடுக்காக இறங்கும் செங்குத்துச் சரிவு. கையால்தான் பறிக்க வேண்டும். பழப்பெட்டிகள் மட்டும் ஒற்றைத் தண்டவாள வண்டியில் போகும். பெரும்பாலும் சாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. அதற்குத் தனி மணம் குறைவு, அதனால் மண்ணின் குணம் வைனில் தெரியும் என்பார் முதலாளியம்மா. (எனக்கு அவ்வளவு நாக்கு கிடையாது!) நொதித்த பிறகு திராட்சையில் உள்ள கடும் புளிப்பான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாறவிட்டுப் புளிப்பைக் குறைக்கிறார்கள், அப்புறம் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் வைக்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வெளிநாடு போகிறது. மீதியை இவர்களே குடித்துவிடுகிறார்கள்.

வாசகர், லோசான்