பீன்ஸ் மஞ்சளடிப்பு: ஞாயிறு காலை தெளிப்பு

வணக்கம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதாக நாலைந்து பேர் படம் போட்டிருந்தீர்கள். பார்த்தவரை இரும்புச்சத்துக் குறைதான். சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். யூரியா போட்டுத் தீராது. (அடியிலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் கதை.)

ஞாயிறு காலை 6.30-க்குத் தெளிக்கிறோம்.

1. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு). அன்றே கரையுங்கள்; பழுப்பேறிய கரைசல் வீண்.
2. வெள்ளியன்றே நாலு செடியில் அடித்துப் பாருங்கள். இலை கருகினால் உடனே சொல்லுங்கள்.
3. கூடவே போரான் கலக்காதீர்கள். கொஞ்சம் கூடினாலும் பீன்ஸ் தாங்காது, பலர் சறுக்குவது இங்கேதான்.
4. 10 நாளில் மறுபடி. இரும்பு இலைவிட்டு இலை நகராது, புதுக்கொழுந்துக்கும் வேண்டும்.

எத்தனை லிட்டர் தேவை? வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள்.