என் வாயைத் திறக்க வைத்தவர்களுக்கு

எங்கள் சேகரத்துச் சபை மக்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், ஊர்ப் பனையேறி அண்ணன்மாருக்கும், எல்லாருக்கும் மேலாக அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

போன மார்ச் மாதம், பதநீர் இறக்க விடியற்காலையில் போன என் வீட்டுக்காரரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்து 7 மாதம் படுக்கை. ஆட்டோ ஓட்டிய தம்பி ஒரு நாளும் கைநீட்டிக் காசு வாங்கவில்லை. சோறாக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்துப்போடும் அரிசிக் கலயத்தில் சேர்ந்ததை அக்காமார் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொட்டினீர்கள். பனம்பூ வரும் பாளையைத் தினமும் சீவாவிட்டால் பதநீர் நின்றுபோகும். அது தெரிந்துதான் அண்ணன்மார் உங்கள் மரங்களை முடித்த கையோடு எங்கள் மரங்களிலும் ஏறினீர்கள். ஆடி வரைக்கும் ஒரு பாளைகூட வற்றவில்லை. அந்தப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

இதெல்லாம் நீங்கள் கண்ணால் கண்ட உதவி. பெரியம்மா செய்தது ஊருக்குத் தெரியாது.

அவர் பனையிலிருந்து விழுந்த நாளிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோயிலில் எல்லாரும் பாட எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. பெரியம்மா அதைக் கவனித்திருக்கிறார்கள். ஒரு நாள் காலை 5 மணிக்கு வந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட வரலைன்னா பாட வேண்டாம் பிள்ளே. ஸ்தோத்திரம்னு வாயால சொல்லு, போதும்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. மனசில் இல்லாததை வாயால் சொன்னால் வேஷம் இல்லையா என்று கேட்டேன். பெரியம்மா ஓலையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே, "தினமும் மனசு வந்தா அடுப்பு பத்த வைக்கே?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பதநீரைக் கிண்டிக்கொண்டே ஒரே ஒரு தடவை சொன்னேன். தொண்டை கரகரத்தது.

மறுநாளும் வந்தார்கள். அப்புறம் தினமும்.

எங்கள் சபை ஊழியரான உபதேசியார் ஐயாவுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவர் 34-ஆம் சங்கீதத்தைத் திறந்து, முதலில் தலைப்பைத்தான் படிக்கச் சொன்னார். தாவீது உயிருக்குப் பயந்து, காத் ஊர் ராஜாவின் முன் பைத்தியம்போல நடித்து, கதவைக் கீறி, தாடியில் எச்சில் வடியவிட்டுத் தப்பின சமயம் அது. அந்த மனிதர்தான், "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன்" என்கிறார். "ஸ்தோத்திரிக்கிறேன்னு போடலை பாருங்க, ஸ்தோத்திரிப்பேன்னு இருக்கு. எபிரெயுவிலும் அது தீர்மானம் பண்ணிச் சொல்கிற சொல்தான்" என்றார் ஐயா. சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனம். அந்தப் 'பேன்' என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பாளை சீவுற மாதிரிதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலை என்னோடு சேர்ந்து அவரும் சொன்னார்.

துக்கம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அவர் இப்போது கம்பு ஊன்றி முற்றம்வரை நடக்கிறார், இனிப் பனை ஏற மாட்டார். மரமேறக் காலில் மாட்டும் தளைநாரை எண்ணெய் தேய்த்து எடுத்துவைத்திருக்கிறேன். அதையும் அரிவாள் பெட்டியையும் பார்க்கும்போது அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது. சில காலைகளில் அந்த வார்த்தை வெறும் ஓலைபோலக் காய்ந்து கிடக்கும். காய்ந்தபடியே சொல்கிறேன். அதையும் கர்த்தர் ஏற்றுக்கொள்கிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

என் கலயத்தில் மறுபடியும் கைப்பிடி அரிசி போட ஆரம்பித்துவிட்டேன். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் காணிக்கையாக 20 கருப்பட்டி எடுத்துவைத்திருக்கிறேன். அதில் அண்ணன்மாரின் வேர்வை இருக்கிறது.

பெரியம்மா, உங்களுக்கு முட்டுவலி. இனி இருட்டில் நடந்து வர வேண்டாம், படுத்திருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்கிற மாதிரி நான் சத்தமாகவே சொல்கிறேன்.