சிரித்த பட்டாளத்துக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி, நேப்பியர் பாலத்துக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்த படம் போட்டிருந்தீர்கள். நல்ல படம். ஆனால் வருஷா வருஷம் அதே படம், அதே விறைப்பு. பட்டாளத்துக்காரர் என்றாலே முறுக்கு மீசை, சிரிக்காத முகம் என்று நாமே முடிவுகட்டிவிட்டோம். என் அப்பாவும் 1971 பாகிஸ்தான் போரில் இருந்தவர்தான். நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே பெரிய வாயாடி அவர்.

மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். 1780-இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் பிரிவு. பயிற்சி மையம் பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. 71-இல் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் எதிரி புதைத்திருந்த வெடிகளை இருட்டில் அகற்றி, டேங்குகள் போக வழி செய்து கொடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். டேங்க் படை அதிகாரி அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றுத் தந்த சண்டை அது. டேங்கில் போனவர்களை ஊருக்கே தெரியும். வழி திறந்து விட்டவர்களை யார் கேட்கிறார்கள்? எனக்குத்தான் அந்த ஆதங்கம், அப்பாவுக்கு இல்லை. "நாங்க கோடு போட்டோம், அவங்க ரோடு போட்டாங்க" என்பார். மேலே கேட்டால், "குளிரும்மா, பயங்கரக் குளிர்." அவ்வளவுதான்.

ஆனால் புளிக்காய்ச்சல் கதையைக் கேட்காமலே சொல்வார். லீவு முடிந்து பஞ்சாபுக்குப் போகும்போது பாட்டி கொடுத்தனுப்பிய பாட்டில், கறுப்பு ட்ரங்க் பெட்டிக்குள் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் பரேடில் பஞ்சாபி அதிகாரி ஒருவர் மோப்பம் பிடித்தபடியே வரிசையில் வந்து அப்பா முன்னால் நின்றாராம். "இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?" "மெட்ராஸ்லேர்ந்து, சாப்!" முதலில் அந்த அதிகாரி வெறும் கேப்டன். சொல்லச் சொல்லப் பதவி உயர்ந்து, எனக்குக் கல்யாணம் ஆன சமயத்தில் பிரிகேடியர் ஆகிவிட்டார்.

ஓய்வு பெற்று வந்த பிறகும் வீட்டில் ஆஜர் பட்டியல் உண்டு. காலையில் தாமதமாக எழுந்தால் தண்டனை, தெருவாசலில் நின்று ஒரு பாட்டு. ஒருநாள் அவரே தூங்கிவிட்டார். அன்று தெருவே கூடி நின்று கேட்டது. குரல் சகிக்காது, அது வேறு விஷயம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எந்த இடத்தில் மூடியில்லாத சாக்கடை இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா குடையை மடக்கி, அதன் முனையால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடி முன்னால் நடந்தார். பின்னால் ஒற்றை வரிசையில் நாங்கள், பக்கத்து வீட்டு மாமி, மாமி தலையில் கேஸ் ஸ்டவ். பத்தடிக்கு ஒருமுறை "லேன் கிளியர்!" என்று கத்துவார். மாமி பயத்தை மறந்து சிரித்துவிட்டார். பசந்தரில் எப்படி நடந்திருப்பார் என்று அன்றுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கப் போனால், கவுன்ட்டரில் மணிக்கட்டை நீட்டி, "நாடி பார்த்துக்குங்க சார், அப்புறம் சந்தேகம் வரக்கூடாது" என்பார். போன ஆடியில் காலமானார். இந்த நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவை அழைத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "நாடி பார்க்கணுமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். மூவரும் சிரித்தோம். பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆவடி, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் 71-இல் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். அடுத்த வெற்றி நாளுக்கு முன்பாக ஒரு நிருபரை அனுப்புங்கள். எடுத்த எடுப்பில் போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். மெஸ்ஸில் என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சாப்பரின் மகள்,
நங்கநல்லூர், சென்னை – 61.